நடைப்பிணக் கதையும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, குறிஞ்சிப்பாட்டின் 99 மலர்களைப் பற்றியோ, சாமுண்டி மலையின் மூலிகைகளைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். முப்பது ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவன் வேறு எதை எழுதுவான்? ஆனால் இம்முறை நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு வீடியோ கேம். "உங்களுக்கு ஏன் சார் இந்த வேலை?" என்று ஒரு நண்பர் சிரித்தார். படித்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

2021 மே மாதம். கர்நாடகம் முழுவதும் ஊரடங்கு. குவெம்பு நகரில் எங்கள் வீட்டில் நான்கு தலைமுறை ஒரே கூரையின் கீழ் அடைபட்டுக் கிடந்தோம். 88 வயது அம்மா உள் அறையில். பொறியியல் படிக்கும் பேரன் கூடத்தில் டி.வி.க்கு முன்னால். யாரிடமோ பழைய விலைக்கு வாங்கிய பிளே ஸ்டேஷன் பெட்டியை வைத்துக்கொண்டு இரவு பகல் விளையாட்டு. ஒரு நாள் கோபத்தோடு ஸ்விட்சை அணைக்கப் போனவன், திரையைப் பார்த்து நின்றுவிட்டேன். ஒரு மனிதனின் தலை பிளந்து, அதிலிருந்து அடுக்கடுக்காகக் காளான் முளைத்திருந்தது. மரக்கட்டையில் முளைக்கும் தட்டுக் காளான் போலவே அவ்வளவு துல்லியமாக வரைந்திருந்தார்கள்.

"டேய், இது என்னடா?"

"ஜாம்பி தாத்தா. கார்டிசெப்ஸ் வந்தவன்."

கார்டிசெப்ஸ்! வகுப்பறையில் நான் சொல்லிக்கொடுத்த பெயர் என் பேரன் வாயில் இப்படி வரும் என்று நினைத்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

விளையாட்டின் பெயர் தி லாஸ்ட் ஆஃப் அஸ். அமெரிக்காவின் நாட்டி டாக் நிறுவனம் உருவாக்கியது; 2013 ஜூன் 14 அன்று வெளியானது. கதை எழுதியவர் நீல் டிரக்மன். அவருடன் சேர்ந்து இயக்கியவர் புரூஸ் ஸ்ட்ரேலி. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இது வயது வந்தோருக்கானது. அட்டையிலேயே அப்படித்தான் அச்சிட்டிருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளை கேட்டான் என்று வாங்கிக் கொடுத்துவிட்டு, பிறகு "கேம்லாம் கெட்டது" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

ஜாம்பி என்ற சொல்லும் எண்ணமும் ஹெய்தியிலிருந்து வந்தவை. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்க மக்களின் நம்பிக்கை அது. செத்த பிறகும் விடுதலை கிடைக்காமல் எவனோ ஒருவனுக்கு உழைத்துக்கொண்டே இருக்கும் உடல். அதை மனிதனைத் தின்னும் கூட்டமாக மாற்றியது 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த திரைப்படம். 1996இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட ரெசிடென்ட் ஈவில் விளையாட்டு, குறைந்த குண்டுகளை வைத்துக்கொண்டு இருட்டு வீட்டில் தப்பிப் பிழைக்கும் ஒரு விளையாட்டு வகையையே நிலைநிறுத்தியது. தமிழில் 2016இல் மிருதன் படம் வந்தது. நம்மில் பலர் பார்த்திருப்போம். நம்முடைய வேதாளமும் பிணத்துக்குள் புகுந்துகொள்வதுதான். ஆனால் அது கடிப்பதில்லை. கதை சொல்லி, கேள்வி கேட்கிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகிவிடும். இந்த விளையாட்டும் கடைசியில் அப்படித்தான் ஒரு கேள்வி கேட்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜாம்பிக்குத் தமிழில் சொல் தேட வேண்டியதில்லை. நடைப்பிணம் என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை நாம் செத்தவனுக்குச் சொல்வதில்லை, வாழப் பிடிக்காமல் உலவுகிறவனுக்குத்தான் சொல்கிறோம். இந்தக் கதையின் நாயகனுக்கு அது அப்படியே பொருந்தும்.

இனி பூஞ்சைக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்றுதான் போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் "ஊறுகாய்ல பூசணம் பிடிச்சிடுச்சு" என்கிறோமே, அந்தப் பூசணத்தின் உறவுக்காரன்தான் இதுவும். வெப்பமண்டலக் காடுகளில் கட்டெறும்பு இனத்து எறும்புகளின் மேல் ஒருவகைப் பூஞ்சையின் வித்து ஒட்டிக்கொள்கிறது. மேலோட்டைத் துளைத்து உள்ளே போய் வளர்கிறது. சில நாளில் எறும்பின் நடை தள்ளாடுகிறது. கூட்டத்தை விட்டு விலகி, தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்துக்குச் செடியில் ஏறி, இலையின் அடிப்பக்க நரம்பைக் கவ்விப் பிடிக்கிறது. கவ்விய தாடை பிறகு திறப்பதே இல்லை. எறும்பு அங்கேயே சாகிறது. அதன் பிடரியிலிருந்து ஒரு தண்டு முளைத்து, கீழே போகும் மற்ற எறும்புகளின் பாதையில் வித்துகளைத் தூவுகிறது. அந்த உயரமும் ஈரமும் பூஞ்சைக்குத் தோதானவை. எறும்புக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. தாய்லாந்துக் காட்டில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு இதை அளந்தே காட்டியது.

பி.பி.சி.யின் பிளானட் எர்த் தொடரில் 2006இல் இப்படி ஒரு காட்சி வந்தது. அதைப் பார்த்துத்தான் விளையாட்டை உருவாக்கியவர்களுக்கு, எறும்புக்கு வருவது மனிதனுக்கு வந்தால் என்ற எண்ணம் பிறந்தது. ஒரு திருத்தம் மட்டும் ஆசிரியனாகச் சொல்ல வேண்டும். விளையாட்டில் பூஞ்சை மூளையைப் பிடிக்கிறது. ஆனால் 2017இல் வெளியான ஆய்வின்படி, எறும்பின் தசைநார்களைச் சுற்றி வலைபோலப் பரவும் பூஞ்சை, மூளைக்குள் புகுவதே இல்லை. உடலைக் கைப்பற்றிக்கொண்டு மூளையை விட்டுவைக்கிறது. கதையைவிட உண்மை கொடுமையாக இருக்கிறது.

மனிதனுக்கு இது வருமா? வராது. அந்தப் பூஞ்சை அந்தந்த எறும்பு இனத்துக்கென்றே தகவமைந்தது. மேலும் பெரும்பாலான பூஞ்சைகளுக்கு நம் உடலின் 37 டிகிரிச் சூடு ஒத்துக்கொள்வதில்லை. 2023இல் இதே கதை டி.வி. தொடராக வந்தபோது இதை வைத்தே ஒரு கேள்வி எழுப்பினார்கள்: உலகம் சூடேறச் சூடேறப் பூஞ்சைகளும் சூட்டுக்குப் பழகிக்கொண்டால்? அது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல, பூஞ்சை ஆய்வாளர்களும் கேட்டுக்கொண்டிருப்பதுதான்.

விளையாட்டின் தொடக்கத்தில் வீட்டில் ஒரு செய்தித்தாள் கிடக்கும். கெட்டுப்போன விளைபொருள்களின் பட்டியல் நீள்கிறது என்று அதில் ஒரு செய்தி. பேரன் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போனான். நான்தான் நிறுத்தச் சொன்னேன். தொடரிலோ நோய் ஜகார்த்தாவின் ஒரு மாவு ஆலையில் தொடங்குகிறது. செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இயங்கும் ஊரில் இருந்துகொண்டு இதைச் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. தானியத்தில் பூஞ்சை பிடிக்காமல் காப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை வேறு வழியின்றித் தின்ற ஏழை மக்களில் 100 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பூஞ்சை சுரந்த அஃப்ளடாக்சின் நஞ்சு ஈரலைத் தாக்கியது. நாங்கள் விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அதே மாதத்தில் கறுப்புப் பூஞ்சை என்ற பெயர் நாடெங்கும் பரவியது. கொரோனாவிலிருந்து பிழைத்தவர்கள் கண்ணை இழந்தார்கள். நடைப்பிணம் ஆக்காமலே பூஞ்சை கொல்லும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜோயல் என்பவன் டெக்சாஸ் மாநிலத்தில் மகள் சாராவுடன் வாழ்கிறான். நோய் வெடித்த இரவில் தப்பி ஓடும்போது, அவளைக் கொன்றது நோயாளி அல்ல. எல்லையை மூடும் உத்தரவுக்குப் பணிந்த ஒரு ராணுவ வீரனின் குண்டு. இருபது ஆண்டுகள் கழிகின்றன. பாஸ்டன் நகரில் மதில் கட்டிய தனிமைப்படுத்தல் பகுதி, ரேஷன் அட்டை, ஊரடங்கு. ஜோயல் அங்கே கடத்தல்காரனாக, நான் சொன்ன பொருளில் நடைப்பிணமாகத் திரிகிறான். எல்லி என்ற 14 வயதுப் பெண்ணை நாட்டின் மறுகோடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு அவன் தலையில் விழுகிறது. அவளைக் கடித்தும் நோய் பற்றவில்லை. அவளிடமிருந்து மருந்து செய்யலாம் என்று ஃபயர்ஃபிளைஸ் என்ற போராளிக் கூட்டம் நம்புகிறது. ஓராண்டு நடக்கிறார்கள். ஜோயல் மறுபடி தகப்பன் ஆகிறான். கடைசியில் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் தெரிகிறது, மருந்து செய்ய அவள் மூளையை எடுக்க வேண்டும். அவள் பிழைக்க மாட்டாள். ஜோயல் தடுப்பவர்களையெல்லாம் கொன்று, மயக்கத்தில் கிடக்கும் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறான். கண் விழித்தவளிடம், உன்னைப்போல் நோய் பற்றாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம், மருந்து தேடுவதையே விட்டுவிட்டார்களாம் என்று பொய் சொல்கிறான். சத்தியம் செய் என்கிறாள். செய்கிறான். 'சரி' என்கிறாள். கதை முடிகிறது. (மைசூரில் வளர்ந்த என் பேரனுக்கு அது "முகிஞ்சுது". கன்னடமும் தமிழும் அவன் வாயில் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன.)

மதில் கட்டி, முகாம் போட்டு, மனிதர்களைப் பிரித்துவைப்பது நம் ஊருக்கும் புதிதல்ல. 1898இல் பெங்களூரில் பிளேக் நுழைந்து மைசூரையும் பிடித்தது. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே கொட்டகைகளில் கிடந்த கதைகளைப் பழைய குடும்பங்களில் இன்றும் சொல்வார்கள். 1903இல் மைசூர் நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டு உருவாகி அகலமான சாலைகளும் புதிய குடியிருப்புகளும் வந்ததற்கு அந்த நோயும் ஒரு காரணம். பிளேக் மாரியம்மனுக்கு இன்னமும் கூழ் ஊற்றுகிறோம்.

கதை இருக்கட்டும், இதை விளையாடுவது எப்படி என்பதில்தான் எனக்கு வியப்பு. ரசிகர்கள் கூடிப் பேசும்போது பாதிப் பேச்சு இதைப் பற்றித்தான். எல்லாமே தட்டுப்பாடு. ஒரு கந்தல் துணியும் கொஞ்சம் சாராயமும் கிடைத்தால், காயத்துக்குக் கட்டும் மருந்துக்கட்டு செய்யலாம். அதே துணியையும் சாராயத்தையும் வைத்து எரிகுண்டும் செய்யலாம். இரண்டும் செய்ய முடியாது. ஆற்றுவதா, எரிப்பதா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டும். பையைத் திறந்து இதைச் செய்துகொண்டிருக்கும்போது விளையாட்டு நமக்காக நிற்காது. பின்னால் வருகிறவன் வந்துகொண்டேதான் இருப்பான். கூர்தீட்டிய சிறு கத்தி ஒன்று உண்டு. பூட்டிய கதவைத் திறந்தால் உள்ளே பொருள்கள் கிடைக்கும், ஆனால் கத்தி தீர்ந்துவிடும். அடுத்த திருப்பத்தில் கிளிக்கர் பிடித்தால் கையில் ஒன்றும் இருக்காது.

கிளிக்கர் என்பது நோய் முற்றியவன். காளான் முகத்தை மூடியதால் கண் தெரியாது. வௌவால்போல் 'டக் டக்' என்று ஒலியெழுப்பி, எதிரொலியால் வழி அறிவான். ஆகவே அவன் இருக்கும் அறையில் ஓடக் கூடாது. ஊர்ந்துதான் போக வேண்டும். ஒரு செங்கல்லை எடுத்து மறுபக்கம் எறிந்து அவனைத் திசைதிருப்பலாம். துப்பாக்கியை விடச் செங்கல்தான் சிறந்த ஆயுதம் என்று சாதிக்கிற ரசிகர் கூட்டமே இருக்கிறது. என் பேரன் அந்தக் கட்சி. குறையும் சொல்கிறார்கள். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதுங்கியிருக்க, உடன் வரும் எல்லி எதிரியின் மூக்குக்கு முன்னால் குறுக்கே ஓடுவாள். அவன் கண்ணுக்கு அவள் தெரியவே மாட்டாள். "இது ஏமாத்து வேலைடா" என்றேன். "அது தெரிஞ்சா விளையாடவே முடியாது தாத்தா" என்றான்.

எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று. வழியெல்லாம் உயரமான சுவர் வந்தால் ஜோயல் கையை கோத்துக்கொடுப்பான், எல்லி ஏறி ஏணியை இறக்கித் தருவாள். பட்டனை அமுக்கினால் வந்துவிடுவாள். நமக்கு அது பழகிப்போகும். குளிர்காலத்தில் அந்தப் பெண் தனியாக ஒரு கொடியவனிடம் சிக்கி, தானே தப்பிக்கிறாள். அதற்குப் பிறகு வரும் வசந்தத்தில் ஒரு சுவர். பட்டனை அமுக்குகிறோம். எல்லி வரவில்லை. தள்ளி உட்கார்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். மறுபடி கூப்பிட்ட பிறகே எழுந்து வருகிறாள். மேலே ஏறியவள் ஏணியைப் பாதியில் போட்டுவிட்டு எதையோ பார்த்து ஓடுகிறாள். பதறிப்போய்ப் பின்னால் ஓடினால், இடிந்த ஊரின் நடுவே ஒட்டகச்சிவிங்கிகள்! மிருகக்காட்சி சாலையிலிருந்து தப்பிப் பெருகியவை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். நாமாகப் புறப்பட்டால்தான் கதை நகரும். பேரன் புறப்படவே இல்லை. நம் ஊர் மிருகக்காட்சி சாலைக்கு அவனைத் தோளில் தூக்கிப்போன நாளில், ஒட்டகச்சிவிங்கியின் கொட்டிலை விட்டு வரமாட்டேன் என்று அழுதவன் அவன். நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பட்டன் வேலை செய்யாமல் போவதைக் கொண்டே ஒரு பெண்ணின் மனத்தைச் சொல்ல முடியும் என்பதை எந்த நாவலும் எனக்குக் கற்பிக்கவில்லை.

இதே உத்தியை மருத்துவமனையில் நமக்கு எதிராகத் திருப்புகிறார்கள். அறுவை அறையில் மருத்துவர் ஒரு சிறு கத்தியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவரைக் கொன்றால்தான் மேலே போகலாம். "எனக்கு வேண்டாம்" என்று ஆட்டக்காரன் நினைத்தாலும் வழியில்லை. விரலும் பட்டனும் நம்முடையவை; முடிவு ஜோயலுடையது.

வேதாளத்தின் கேள்வி இங்கேதான். ஜோயல் செய்தது சரியா? 2013 முதல் ரசிகர்கள் இரண்டு கட்சியாக நின்று வாதாடுகிறார்கள். சரி என்பவர்கள், அந்தப் பெண்ணை யாருமே கேட்கவில்லையே என்கிறார்கள். தவறு என்பவர்கள், அதே பெண் தன் உயிர் பயன்பட்டால் போதும் என்று நினைப்பவள்தான், அது ஜோயலுக்கும் தெரியும் என்கிறார்கள். மருந்து உண்மையில் கிடைத்திருக்குமா என்று ஒரு கிளை வாதம். தாவரவியல்காரனாக நான் அதில் ஜோயல் பக்கம். இன்றுவரை மனிதருக்கான பூஞ்சைத் தடுப்பூசி ஒன்றுகூட அங்கீகரிக்கப்படவில்லை. உலகத்தில் இருக்கும் ஒரே சான்றை, வந்து சேர்ந்த அன்றே அறுத்துப் பார்க்கும் ஆராய்ச்சியாளனை எந்தக் கல்லூரியிலும் தேர்ச்சி பெறவிட மாட்டார்கள். ஆனால் மருந்து கிடைத்திருக்கும் என்பதே தம் எண்ணம் என்று டிரக்மன் பின்னாளில் சொல்லிவிட்டார். அப்படியானால் என் சாமர்த்தியமெல்லாம் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான்.

பேரனுக்கு மனுநீதிச் சோழன் கதையைச் சொன்னேன். திருவாரூரில் கன்று ஒன்று தேர்க்காலில் பட்டு இறக்க, பசு ஆராய்ச்சி மணியை அடிக்க, பெற்ற மகன்மேல் தானே தேரைச் செலுத்திய அரசன். அமைச்சனைச் செலுத்தச் சொன்னபோது அவன் முடியாமல் தன் உயிரையே விட்டான் என்பதையும் சொன்னேன். அவன் கேட்டான்: "அந்தப் பையனை யாராச்சும் கேட்டாங்களா தாத்தா?" எனக்குப் பதில் வரவில்லை. பதிலுக்கு அவன் பள்ளியில் படித்த கோவின் பாட்டை எடுத்தான். கன்னடக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த புண்யகோடிப் பசு, கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று புலியிடம் வாக்குக் கொடுத்து, சொன்னபடியே திரும்பி வந்தது. அதைக் கண்டு வெட்கிய புலி உயிரை விட்டது. "ஜோயல் தூக்கிட்டு வந்தது சரி. ஆனா பொய் சொன்னான் பாருங்க, அது தப்பு. புண்யகோடி கன்னுக்குட்டிகிட்ட பொய் சொல்லலியே, நான் சாகப் போறேன்னு சொல்லிட்டுதானே போச்சு."

நான் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தேன். குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்று வாய்மை அதிகாரத்திலேயே சொல்லியிருக்கிறாரே! "நன்மை யாருக்கு? எல்லிக்கா, ஜோயலுக்கா?" என்றான்.

இந்த வாதம் நடந்த நேரத்தில்தான் சேலத்தில் என் தம்பி கொரோனாவில் போனான். போக வழியில்லை, முகம்கூடப் பார்க்கவில்லை. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அம்மாவுக்கு போன் செய்கிறவன் அவன். அம்மாவுக்கு இதய நோய். சொன்னால் தாங்கமாட்டார் என்று நானும் என் மனைவியும் முடிவு செய்தோம். அம்மாவை யாரும் கேட்கவில்லை.

"அவனுக்குத் தொண்டையில ஆபரேஷன்மா. பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

ஒரு வாரம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு நாள் என்னை அருகில் கூப்பிட்டார். "பெரியவனே, என் தலைமேல கை வச்சுச் சத்தியம் பண்ணு. அவன் நல்லா இருக்கானா?" வைத்தேன். செய்தேன்.

"சரிப்பா," என்றார் அம்மா. காபி கேட்டார்.

திரும்பினால் வாசற்படியில் பேரன் நின்றிருந்தான். அன்று அவன் என்னோடு பேசவில்லை. மறுநாள் இரவு வந்து, "நீங்க தப்புன்னு சொல்ல வரல தாத்தா" என்று மட்டும் சொன்னான்.

விளையாட்டின் இரண்டாம் பாகம் 2020இலேயே வந்துவிட்டது. அதில் அந்த மருத்துவரின் மகள் ஆபி வந்து ஜோயலைக் கொல்கிறாள். பாதிக் கதையை அவளாகவே நாம் விளையாட வேண்டும். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். ஆபிக்குக் குரல் கொடுத்த நடிகைக்குக் கொலை மிரட்டல் விடும் அளவுக்குப் போனது அசிங்கம். எல்லிக்கு உண்மை தெரிந்து ஜோயலிடம் பேசாமல் இருந்த காலம் அதில் வருகிறது. மன்னிக்க முயல்கிறேன் என்று அவள் சொன்ன மறுநாள் அவன் இருக்கமாட்டான். அந்த இடத்தைப் பேரன் எனக்குப் போட்டுக் காட்டவில்லை, வாயால்தான் சொன்னான்.

ஆகஸ்ட் 8 அன்று ஆடி அமாவாசை. அம்மாவே மெதுவாக எழுந்து வந்து, பிடிவாதமாகத் தன் கையால் காக்கைக்குச் சோறு உருட்டினார். அப்பாவுக்கு ஒன்று, தாத்தா பாட்டிக்கு இரண்டு. வழக்கமாக மூன்று. மொட்டைமாடிக்குக் கொண்டுபோகச் சொல்லி இலையைப் பேரன் கையில் கொடுத்தார். அவன் படியில் நின்று இலையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான்கு உருண்டைகள் இருந்தன.